வாசலில் வைத்த கல்

வாசலில் திடீரென்று முரசு அதிர்ந்தது. கணவனின் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்து, அப்போதுதான் தலை துவட்டிக்கொண்டிருந்தாள் வடிவாம்பாள். ஈரக் கூந்தலோடு ஓடிவந்து பார்த்தாள். தெருவே திரண்டு நின்றது, ஆளுக்கொரு கல்லோடு.

கடலுக்கு அப்பால் இருந்த ஓர் அரசருக்குச் சொந்தமான தென்கழி நாட்டில் அது பழைய வழக்கம். அரசர் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. நாடும் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய சட்டம் மட்டும் கப்பலேறித் தவறாமல் வந்துவிடும். ஒருவர் இறந்தால் அவர் வாசலில் கடன் முரசு அறைவார்கள். அவருக்குக் கடன் கொடுத்தவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து அங்கே வைக்க வேண்டும். கடன் பொய் என்றால், இறந்தவர் பொழுது சாய்வதற்குள் எழுந்து வந்து அந்தக் கல்லை அகற்றிவிடலாம். வேறு யாரும் தொடக் கூடாது. அகற்றப்படாத கல், மெய்யான கடன்; இறந்தவரின் சொத்திலிருந்து அதைத் தீர்த்தாக வேண்டும். இதைவிட நியாயமான சட்டம் உலகில் இல்லை என்று, அரசர் பெயரால் அங்கே ஆண்ட ஆளுநர் அடிக்கடி சொல்லி மகிழ்வார்.

இறந்துபோன மாசிலாமணி ஒரு மாந்தோப்பையும், கோடையிலும் வற்றாத ஒரு கிணற்றையும் விட்டுப் போயிருந்தார். வடிவாம்பாளும் அவள் மகளும் இனிப் பிழைக்க வேண்டியது அந்தக் கிணற்றை நம்பித்தான். அவர் பட்ட கடன் ஒன்றே ஒன்று, உழவு மாடு வாங்கியது. அதை வடிவாம்பாள் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கல்லைச் சுற்றி மற்ற கற்கள் குவிந்து, பொழுது சாய்வதற்குள் வாசற்படியே மறைந்துபோயிற்று. கள்ளுக்கடைக்காரரும் ஒரு கல் வைத்தார். மாசிலாமணி குடித்ததே இல்லையே என்று கேட்டதற்கு, குடித்திருந்தால் பட்டிருக்கக்கூடிய கடன் இது என்று விளக்கம் சொன்னார்.

வடிவாம்பாள் நீதிமன்றத்துக்குப் போனாள்.

"கற்களை அகற்ற உன் கணவர் ஏன் வரவில்லை?" என்று நீதிபதி கேட்டார்.

"உசுரோட இருந்தப்பவே ஒரு சொல்லுக்கு எந்திரிக்க மாட்டாருங்க. இப்பவா எந்திரிச்சு வரப்போறாரு?"

நீதிபதிக்கு மனம் இளகிவிட்டது. விஷயம் ஆளுநர் காதுக்குப் போயிற்று. அவருக்கும் இளகிற்று. இறந்தவர்களின் குரல் கேட்கப்படாமல் போவது பெரும் அநீதி என்று கண்டு, அவர்களுக்காகக் கல் அகற்ற 'மாண்டார் பிரதிநிதி' என்றொரு பதவியை உண்டாக்கினார். அதற்குத் தேர்தல் உண்டு. இறந்தவரின் காரியத்தில் அக்கறை உள்ளவர்கள் வாக்களிக்கலாம். அக்கறை உள்ளவர்கள் என்றால் கல் வைத்தவர்கள்.

கோமளேசன் என்பவர் போட்டியின்றித் தேர்வானார். மறுநாளே மாசிலாமணியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் கட்டிலில் சாய்ந்தபடி, "என் வீட்டில் எனக்கே மீன் குழம்பு இல்லையா?" என்று கேட்டார். கல்லை அகற்றப்போகிறவர் ஆயிற்றே என்று வடிவாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்துப் போட்டாள். ஏப்பத்தோடு வாசலுக்கு வந்தவர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, "வாங்கினேன், வாங்கினேன்" என்று ஒப்புக்கொண்டே போனார். கள்ளுக்கடைக்காரரின் கல்லைப் பார்த்ததும், "நிறைய வாங்கினேன்" என்றார்.

கல் வைத்தவனுக்குத்தான் இந்த நாட்டில் மரியாதை என்பது வடிவாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது. கனத்த கல்லுக்கே முதல் உரிமை என்பதும் சட்டம். தாயும் மகளுமாக மலையடிவாரத்திலிருந்து ஒரு பாறையை மூச்சிரைக்க உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். அந்தத் தோப்பில் இத்தனை காலம் கூலியில்லாமல் உழைத்ததற்கான கல் அது என்று அவள் வழக்குத் தொடுத்தாள்.

நீதிபதி அந்தப் பாறையை வெகுநேரம் தடவிப் பார்த்தார். "கனம்தான். ஆனால் இது எந்த மலைக் கல்?"

"நம்ம ஊரு மலைதானுங்க."

"மலை அரசருடையது. ஆகவே கல்லும் அரசருடையது. ஆகவே இந்தக் கடன் அரசருக்குச் சேர வேண்டியது."

"அப்ப மத்தவங்க கல்லெல்லாம் வானத்துலேருந்தா விழுந்துச்சு?"

நீதிபதியின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கோணம் தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவளை மனதாரப் பாராட்டிவிட்டு, எல்லாக் கற்களும் அரசருடையவை என்று தீர்ப்பெழுதினார். அன்று மாலையே வீடும் தோப்பும் அரசுடைமை ஆயின. கிணற்றுக்குக் காவலர்கள் வந்து நின்றார்கள். கள்ளுக்கடைக்காரர் தெருவில் உட்கார்ந்து அழுதார். எல்லாம் இவள் வாயால் வந்த வினை என்று ஊரே ஏசியது. வடிவாம்பாள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக விலை கொடுத்து வாங்கி, ஊர் எல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகையில் காலம் தள்ளினாள்.

மா பூக்கும் பருவத்தில் துறைமுகத்தில் பீரங்கி முழங்கியது. கறுப்புக் கொடி கட்டிய கப்பல் ஒன்று வந்து நின்றது. அரசர் காலமாகிவிட்டார்.

யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. நாடே கல்லைத் தூக்கிக்கொண்டு ஆளுநர் மாளிகைக்கு நடந்தது. அரசர் யாரிடம் எதை எடுக்காமல் விட்டார்? வடிவாம்பாள் இந்தத் தடவை மலைப்பக்கமே போகவில்லை. கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த அம்மியை மகளும் தானுமாகச் சுமந்துபோய் மாளிகை வாசலில் இறக்கினாள். அவளுக்குக் கிணறு வேண்டும், அவ்வளவுதான்.

மேல்மாடத்திலிருந்து ஆளுநர் எட்டிப் பார்த்தார். கற்குவியல் முழங்கால் உயரத்தைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, வாசற்கதவை மூடிக்கொண்டிருந்தது. அவசரமாக உள்ளே போனார். சற்றுப் பொறுத்து, அரசரின் பட்டுச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கோமளேசன் பக்கவாசல் வழியாக வெளியே வந்தார்.

கூட்டம் ஆரவாரித்தது. பிறந்ததிலிருந்து ஒரு கல்லையும் மறுத்துப் பழக்கமில்லாத மனிதர். அவர் முகத்தைப் பார்த்து வடிவாம்பாள் மகிழ்ந்தது வாழ்க்கையிலேயே அன்றுதான். கிணறு கிடைத்துவிட்டது என்று மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கோமளேசன் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்தார். அம்மியைப் பார்த்ததும் கை கூப்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"வாங்கினேன், எல்லாவற்றையும் வாங்கினேன், ஆனால் அரசன் பட்ட கடன் குடிமக்கள் பட்ட கடன் அல்லவா, ஆகவே அவரவர் கல்லைத் தூக்கிக்கொண்டு போய் அவரவர் வாசலிலேயே வையுங்கள்."