டிரம்முக்கு வைத்த பொட்டு

"மீன் டப்பா கிடக்கிற டிரம்முக்கு யாராச்சும் பொட்டு வைப்பாகளாடி?"

செக்காலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சேவுகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மனைவி வீரலட்சுமி அசரவில்லை.

"ஆயுத பூசைக்குத் தராசைக் கழுவினேன், கல்லாப்பெட்டியைத் துடைச்சேன். டிரம் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? மூடியில ஏதோ காகிதம் ஒட்டியிருந்துச்சு. நாரு போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டேன்."

அந்தக் காகிதம்தான் அரசாங்க சீல்!

போன வாரம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி நாகவல்லி வந்து, கெட்டுப்போய் வயிறு உப்பிக் கிடந்த மீன் டப்பாக்களைப் பறிமுதல் செய்தார். சாம்பிளுக்குச் சிலதை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு, மீதியை டிரம்மில் போட்டு, மூடியில் கையெழுத்திட்ட காகிதத்தை ஒட்டினார். "பூசை லீவு முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறோம். அதுவரைக்கும் உங்க பொறுப்பு. சீல் கலைஞ்சா கடையை மூட வேண்டியதுதான்."

சேவுகன் குப்பையிலிருந்து காகிதத்தைப் பொறுக்கி இஸ்திரி போட்டார். அதிகாரியின் கையெழுத்து மங்கிப்போயிருந்தது. பேனாவால் அதன் மேலேயே எழுதினார். பாழாய்ப்போன பழக்கதோஷம், 'சேவுகன்' என்று எழுதித் தொலைத்தார். அழிக்கப்போய் ஓட்டை விழுந்தது. இருந்ததை மைதாப் பசை காய்ச்சி மூடியில் ஒட்டி, டிரம்மை வாசல் வெயிலில் காயவைத்தார்.

பசை வாசத்துக்கு எதிர்வீட்டு ஆடு வந்துவிட்டது.

"அரசாங்கத்தையே தின்னுப்புட்டியே, நாசமாப் போக!" என்று அவர் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது.

இறங்கிய நாகவல்லி டிரம்மைப் பார்த்தார். சந்தனம், குங்குமம், கொஞ்சம் பூ, ஆடு மிச்சம்வைத்த காகிதம்.

"மேடம், சத்தியமா ஒரு டப்பாவைத் தொடலை. பொண்டாட்டி கழுவிப்புட்டா, ஆடு தின்னுப்புடுச்சு. புள்ளகுட்டிக்காரன், கடையை மட்டும் மூடிறாதீக!"

நாகவல்லி மூடியைத் திறந்து பார்த்தார். டப்பாக்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. பக்கத்து அரிசி மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா! இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. வாங்கண்ணே, ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடி சீல் வச்சிருவோம்."

சேவுகனுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அதிகாரிக்கு எதற்கு உயிர் போனது என்றுதான் விளங்கவில்லை.

ஜீப் டிரைவர் இருளாண்டி சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்: "ஏண்ணே முழிக்கிறீக? மறுபடி சாம்பிள் எடுக்கணும்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு மேடம் வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தாக. எங்க ஆபீஸ் பூசைக்கு, சாம்பிள் டப்பாவையெல்லாம் சீலோட தேய்ச்சுக் கழுவிப் பொட்டு வச்சது அவுகதான்!"