வாசலூர்பட்டியில் ஒரு ராக் கச்சேரி

ராக் இசை ரசிகனைப் போல ஒரு சந்தேகப் பிராணி உலகத்தில் கிடையாது. சினிமாப் பாட்டுக் கேட்பவர் பாட்டைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். எங்களுக்கு அந்த நிம்மதி இல்லை. குழுவில் புது டிரம்மர் சேர்ந்தால் சந்தேகம். பழைய டிரம்மரே திரும்பி வந்தால் அதைவிடச் சந்தேகம். கிடார்காரர் முடி வெட்டிக்கொண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

1997-ல் பெங்களூர் மைதானம் ஒன்றில், சீமையிலிருந்து வந்த பழைய ராக் குழு ஒன்றின் கச்சேரியைக் கொட்டும் மழையில் நின்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் சொல்ல முடியும். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்ற ஒரு பிரம்மாண்டமான முதுகு மட்டும்தான். (இன்றைக்கும் அந்த முதுகை எங்கே பார்த்தாலும் அடையாளம் காட்டுவேன்.) ஆனால் கிடாரின் முதல் கம்பி அதிர்ந்தபோது என் நெஞ்சுக்கூடு சேர்ந்து ஆடியது. கிறுக்குப் பிடித்தவனைப் போல அழுதேன். என் வாழ்க்கையின் மகத்தான கச்சேரி அதுதான்.

அதே குழு அடுத்த வருஷம் வெளியிட்ட ஆல்பம்தான் என் வாழ்க்கையின் மகத்தான ஏமாற்றம். சேலத்தில் ஒரு கேசட் கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்து போட்டால், பாடகர் தலையில் துண்டைப் போட்டு ஆவி பிடித்துக்கொண்டே பாடுவதுபோல் இருந்தது. டூப்ளிகேட் கேசட் என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பாவம், என் கண்ணெதிரிலேயே வேறொரு கேசட்டைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். அதிலும் அதே ஆவி. அடுத்து டேப்ரெக்கார்டர்மேல் சந்தேகப்பட்டு பெல்ட்டை மாற்றினேன். எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான், பாடகருக்கு வயசாகிவிட்டது என்கிற யோசனையே எனக்கு வந்தது.

காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்மேல் சந்தேகம். அப்பா மரவள்ளியும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. நான் பாட்டுக் கேட்டு முடித்ததும் அறைக்குள் வந்து மூக்கை உறிஞ்சி மோந்து பார்ப்பார். கஞ்சா வாசம் வராதது அவருக்கு ஏமாற்றமாகவே இருந்திருக்க வேண்டும். வந்திருந்தால் ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருந்திருக்கும் அல்லவா?

"ஏஞ்சாமி, இதுல பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"இதுதானுங்கப்பா பாட்டு."

"அதில்ல கண்ணு. வாயால பாடுவாங்களே, அது."

இப்படிப்பட்ட எனக்கு 1999-ல் சேந்தமங்கலத்தில் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்தது. பெண் பெயர் மாலதி. அவளுடைய அப்பா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். தாலுகா ஆபீசில் இருந்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டு வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

நிச்சயம் முடிந்த கையோடு என் காலேஜ் நண்பன் பிரகாஷ் போன் செய்தான். அவனும் இன்னும் மூன்று பேரும் கோயமுத்தூரில் ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். அதுவரை அவர்களைக் கூப்பிட்டவர்கள் யாரும் இரண்டாம் தடவை கூப்பிட்டது கிடையாது. அதற்குக் காரணம் ஹால்களின் சுவர்கள்தான் என்பது பிரகாஷின் கட்சி.

"நம்ம மியூசிக்குக்குச் சுவரே ஆகாதுடா. மலை வேணும். கொல்லிமலை உங்க ஊருக்கு மேலதான இருக்கு?"

மலை என் சொந்தச் சொத்து என்பதுபோலப் போனிலேயே தலையாட்டிச் சரி என்று சொல்லிவிட்டேன். மலைமேல் வாசலூர்பட்டியில் ஏரிப் படகுத்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, சாமை அறுவடை முடிந்து சும்மா கிடந்த ஒரு காட்டைப் பார்த்து வைத்தேன். ஊர்க்கவுண்டரிடம் போய் அனுமதி கேட்டேன். தலைப்பாகை கட்டிய, கண்ணைச் சுருக்கியே எதையும் பார்க்கிற மனிதர். அப்பா வருஷாவருஷம் அவர்கள் ஊரிலிருந்துதான் மிளகு வாங்குவார் என்பதால் என்னைத் தெரியும்.

"என்ன நிகழ்ச்சிங்க தம்பி?"

"காலேஜ் பசங்க புரோகிராமுங்க."

பாட்டு என்ற ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை. மாணவர்கள் முகாம் போட்டுச் சாக்கடை வெட்டித் தருவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டு சரி என்றார். நானும் சரி என்று இறங்கி வந்துவிட்டேன். மாலதி குடும்பத்தையும் அழைத்தேன். மருமகன் கலைத்துறையில் செல்வாக்குள்ளவன் என்று தெரியட்டுமே! கோயிலுக்குப் போய்விட்டு மதியத்துக்குமேல் அப்படியே எட்டிப் பார்ப்பதாக மாமனார் சொன்னார்.

கச்சேரியன்று காலையில் வேன் மலை ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் டிரம்மர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். நானோ பின்னால் உட்கார்ந்து, இவர்கள் உண்மையிலேயே வாசிப்பார்களா என்று புதிதாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தேன்.

காட்டில் இறங்கியதும் வேலை மளமளவென்று நடந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கினோம். ஜெனரேட்டரைத் தூரமாக வைத்து, கறுப்பு ஒயர்களைக் காட்டின் குறுக்கே இழுத்தோம். பிரகாஷ் கையில் டேப்பை வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அளந்தான். ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி நட்டான். இரண்டு மரங்களுக்கு நடுவே துணி பேனரை நான்தான் கட்டினேன். 'ராக் ஆன் தி ஹில்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக, கீழே 'ஹெவி மெட்டல்' என்று சிறிதாக.

அந்த வருஷங்களில் மலையில் யாரோ அலுமினியப் பாறை வெட்டி எடுக்கப் போகிறார்கள், காடுகரையெல்லாம் போகப்போகிறது என்று ஊர் ஊராகப் பேச்சு இருந்தது. வெளியாள் ஒருவன் செருப்புக்குள் புகுந்த கல்லைக் குனிந்து எடுத்தால்கூட நாலு பேர் பார்ப்பார்கள். இது எனக்கும் தெரியும். ஆனால் என் புத்தி அன்றைக்கு மேடையில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது காட்டைச் சுற்றி ஊரே நின்றது. எல்லோர் பார்வையும் பிரகாஷ் நட்ட குச்சிகள்மேல் இருந்தது. நல்ல கூட்டம் என்று பிரகாஷ் பூரித்துப்போனான்.

ஊர்க்கவுண்டர் என்னிடம் வந்தார். பேனரைக் காட்டி, "அதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"ராக் ஆன் தி ஹில்ஸ்னுங்க."

"ராக்குன்னா?"

இந்த இடத்தில் பாட்டு என்றோ மேளம் என்றோ சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். கேள்வி கேட்டால் சரியான விடை சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் என்னைப் பழக்கிவிட்டார்கள்.

"பாறைங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

"அப்ப, மலைமேல பாறை. அது எங்களுக்குத் தெரியாதுங்களா? அதைத் துணியில எழுதிக் கட்டோணுமா?" என்றவர், "கீழ என்னமோ சின்னதாப் போட்டிருக்குதே?" என்றார்.

"ஹெவி மெட்டலுங்க."

"அப்படீன்னா?"

"கனமான உலோகங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஊர்க்கவுண்டரின் கண் இன்னும் சுருங்கிக் கோடாகிவிட்டது. இரண்டு பேர் போய் ஜெனரேட்டர் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார்கள். ஒரு அம்மா பிரகாஷ் நட்ட குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, இல்லீங்க! இது பாட்டுங்க! இங்கிலீஸ் பாட்டு!" என்று கத்தினேன்.

"பாட்டுன்னா பாடிக் காட்டுங்க."

நியாயமான கோரிக்கை. ஆனால் ஜெனரேட்டர்மேல் யாரையும் கைவைக்க விடவில்லை. வேறு வழியில்லாமல் பிரகாஷ் எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு, கரண்ட் இல்லாமலே கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆவேசமாக வாசித்தான். கரண்ட் இல்லாத எலக்ட்ரிக் கிடார், கொசு இருமுவதுபோல ஒரு சத்தம் கொடுக்கும். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அதுவும் கேட்கவில்லை.

"சத்தமே வல்லியே. பாட்டுன்னீங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கரண்ட் வேணுங்க."

கொஞ்சம் யோசித்து, ஒரே ஒரு தடவை ஜெனரேட்டரைப் போடச் சம்மதித்தார். நான் பிரகாஷின் காதில், "மெலடியா ஏதாவது வாசிடா, கையெடுத்துக் கும்பிடறேன்" என்றேன். தலையாட்டினான். (தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. காரணம் இதுதான்.) காலடியில் இருந்த ஒரு பொத்தானை மிதித்துவிட்டுக் கம்பியில் கையை ஓங்கி அடித்தான்.

கிணறு வெட்டும்போது பாறையில் துளை போடுகிற மெஷின் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அச்சு அசல் அதே சத்தம். கொஞ்சம்கூடக் குறைவில்லை. மரத்திலிருந்த பறவைகள் மொத்தமாக எழும்பிப் போயின. ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் ஓடியது.

"நான் சொன்னனில்ல! தோண்டற மெஷினேதான்!" என்று யாரோ கத்த, ஜெனரேட்டர் நின்றது. எங்கள் ஐந்து பேரையும் பலா மரத்தடிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நடுவே சாமைச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். கடைசிச் சாப்பாடு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டிரம்மர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அப்பாவின் நினைவுதான். மகன் மலையைத் தோண்ட வந்தான் என்று ஆனபிறகு அவருக்கு இந்தப் பக்கம் ஒற்றை மிளகாவது கிடைக்குமா?

அந்த நேரத்தில்தான் ஒரு ஜீப் வந்து நின்றது. மாலதியும் அவளுடைய அம்மாவும் இறங்கினார்கள். கடவுளே காப்பாற்ற ஆள் அனுப்பிவிட்டார் என்று எழுந்தேன். பின்னாலேயே நெற்றியில் திருநீறோடு மாமனார் இறங்கினார். ஊர்க்கவுண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க சர்வேயர்தானுங்களே? அந்தக் காலத்துல எங்க காட்டையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தவரு?"

"ஆமாங்க" என்றார் மாமனார், அடையாளம் தெரிந்துகொண்டார்களே என்ற சந்தோஷத்தில்.

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. அளக்கிறவன், தோண்டுகிற மெஷின், பாறை, உலோகம் என்று எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டது. இதற்குமேல் ஒரு ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? மாலதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

மாமனார் பதற்றமே இல்லாமல் முழுக் கதையையும் கேட்டார். பிறகு மெதுவாகக் காட்டுக்குள் நடந்து, நாங்கள் போட்டிருந்த ஒயர்களைப் பார்வையிட்டார். ஒரு ஒயர் மரத்தைச் சுற்றி, இன்னொன்றின்மேல் ஏறி, முடிச்சு விழுந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஒரு வேதனை வந்தது. கச்சேரி முழுக்கக் கேட்டிருந்தால்கூட அத்தனை வேதனை வந்திருக்காது.

"கவுண்டரே, நீங்களே வந்து பாருங்க. அளக்கறவன் போடற கோடா இது? நான் இந்த மலையில சங்கிலி புடிச்சவன். ஒரு விரக்கடை கோணியிருந்தா மறுபடியும் அளப்பேன். இவனுங்களுக்கு ஒரு பாத்தி நேராக் கட்டத் தெரியாது. இதுங்க போய் மலையைத் தோண்டப் போவுதுங்களா?"

ஊர்க்கவுண்டர் ஒயரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். டிரம்மரின் சட்டையில் வழிந்திருந்த குழம்பைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கண் விரிந்தது.

"அதுஞ் சரிதானுங்க" என்றார்.

எங்கள் திறமைக் குறைவு எல்லோர் முன்னிலையிலும் நிரூபணமாகி, நாங்கள் விடுதலையானோம்.

வந்ததற்கு ஒரு பாட்டாவது பாடிவிட்டுப் போகட்டும் என்று ஊர்ப் பெண்கள் சொல்ல, ஜெனரேட்டருக்கு மறுபடியும் உயிர் வந்தது. பிரகாஷ் தன் சொந்தப் பாட்டை எடுத்தான். அது முடிகிற மாதிரி வந்து வந்து மறுபடி ஆரம்பித்தது. நானே கேசட் கடைக்காரரிடம் மறுபடி சண்டைக்குப் போகத் தயாராகிவிட்டேன். ஒரு வழியாக முடிந்ததும் எல்லோரும் ஊர்க்கவுண்டர் முகத்தைப் பார்த்தார்கள்.

"தம்பி, பாறை ஒடைக்கறவன்கூட நடுவால ஒருக்கா மெஷினை நிறுத்தித் தண்ணி குடிப்பானுங்க" என்றார்.

அந்தக் குழுவுக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே நியாயமானது அதுதான். அடுத்த மாதமே குழு கலைந்தது.

திரும்பும்போது என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அடிவாரம் வரை மாமனார் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார். நிச்சயம் முறிந்தது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் அவர் மகளிடம்தான் பேசினார்.

"கண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லு. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது."

மாலதி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு தெரிஞ்சுபோச்சுங்கப்பா. பொய் சொல்லித் தப்பிக்க வேண்டிய எடத்துல போயி பாறைங்கறாரு. இதுக்கு மேல என்ன விசாரிக்கறது?" என்றாள்.

கல்யாணம் நடந்தது. ஊர்க்கவுண்டர் மிளகு மூட்டையோடு மலையிறங்கி வந்தார். மண்டபத்தில் தொங்கிய சீரியல் விளக்கு ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் பந்தியில் உட்கார்ந்தார்.

இப்போதும் எங்கள் வீட்டில் ஒரு தடை அமலில் இருக்கிறது. போன வாரம் மகள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பா, இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், உள்ளறையில் படுத்திருந்த மாமனார் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு, அர்த்தம் மட்டும் உங்கப்பாகிட்ட கேக்காத சாமி. அப்பறம் ஊரே திரண்டு வரும்."