சொல்லுக்குப் பத்து

உலக அமைதிக்காகப் பாடுபட்டவர்கள் என்று எத்தனையோ பெரியவர்களைச் சொல்கிறார்கள். மாநாடு கூட்டினார்கள், புறா பறக்கவிட்டார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கைகுலுக்கினார்கள். அமைதி வந்ததா என்றால் வரவில்லை. காரணம், அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூடப் பாகூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்து, கருக்கம்பேட்டை அரசு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பை வந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 1969-ஆம் ஆண்டிலேயே உலகத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கும்.

அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேருக்கும் வாய் இருந்தது. ஆனால் இருப்பது வெளியே தெரியாது. இந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர் சௌந்தரராஜன், தலைமை ஆசிரியர் (பொறுப்பு).

அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் படிக்கக் கூடாது. மனிதரின் வாழ்க்கையே அதற்குள்தான் அடைபட்டுக் கிடந்தது. பழைய தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்று, 'ஆள் வரும்வரை பொறுப்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று டவுனிலிருந்து ஒரு தாள் வந்தது. எட்டு வருஷமாக ஆளும் வரவில்லை, வேறு தாளும் வரவில்லை. பொறுப்பு என்றால் பொறுத்திருப்பது என்று அவர் பொருள் கண்டுகொண்டார். இன்னும் ஒன்றரை வருஷத்தில் அவரே ஓய்வு பெற வேண்டும். அதற்குள் வாசல் பெயர்ப்பலகையில் இருக்கும் அடைப்புக்குறி இரண்டையும், நடுவில் இருக்கும் சொல்லையும் அழித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. பெயின்டரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

தகுதி இல்லாதவர் என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 'பிரவே' பரீட்சை தேறியவர். அந்தக் காலத்தின் மிச்சமாக அவரிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பிரவே சான்றிதழ். மற்றது, 'சிலான்ஸ்' என்ற சொல். சத்தம் கூடாது என்று அதற்குப் பொருள். ஊரில் அவருக்குச் சிலான்ஸ் வாத்தியார் என்றே பெயர். சான்றிதழை வீட்டில் வைத்தால் மழைக்கு ஓடு ஒழுகும் என்று, வகுப்பில் தம் நாற்காலிக்குப் பின்னால் இருந்த மர அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம், பள்ளி திறக்கும் நாளில், பிள்ளைகள் வருவதற்கு முன்புதான் அந்த அலமாரி திறக்கும்.

மற்ற ஊர்களில் வாத்தியார்கள் பிரம்பு வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். சௌந்தரராஜன் பிரம்பைத் தொட்டதில்லை. அது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர் கொள்கை. அவருடையது 'நவீன முறை'. அதன் பெயர் அமைதிப் பதிவேடு. நீளமான ஒரு கட்டு நோட்டு. அதில் பெயர், பேசிய சொல், தண்டனை, 'பார்வையிட்டேன்' என்று நான்கு கட்டம். எழுதுகிற அதிகாரம் சட்டாம்பிள்ளை கஸ்தூரிக்கு. அவள் பென்சிலை அதற்கென்றே கூராக்கி வைத்திருப்பாள். மாலையில் நோட்டு மேசைக்கு வரும். சௌந்தரராஜன் பிள்ளைகள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போடுவார். கண் பிள்ளைகள்மேல் இருக்கும்போது பேனா தன் வேலையைத் தானே செய்யும் அளவுக்குப் பழகியிருந்தது.

தண்டனை, சொல்லுக்குப் பத்து தோப்புக்கரணம். இதனால் மொழிப் பாடத்திலும் நல்ல முன்னேற்றம். முதலில், "சார், ஒண்ணுக்குப் போவணும்" என்று மூன்று சொல்லை வீணடித்தவர்கள், முப்பது போட்டு முடிப்பதற்குள் போக வேண்டிய தேவையே தீர்ந்துவிடுவதைக் கண்டார்கள். பிறகு ஒரு விரல் போதும் என்று ஆயிற்று. பக்கிரி என்று ஒரு பையன், வாயாடிப் பயல், அந்தப் பயலின் அம்மா தையலம்மாள் ஒரு நாள் நடவு வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

"எம்புள்ள வூட்ல வாயத் தொறக்க மாட்டேங்குது சார். இன்னாடா வேணும்னா ஒரு விரலக் காட்டுது. சோறு கேக்குதா, வெளிய போவணுங்குதா, ஒண்ணும் புரிலபா எனக்கு."

"எத்தினி நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும் சார். முன்னல்லாம் வூடே ரெண்டு படும் அதும் வாயில. இப்ப எழவு வூடு மாதிரி கெடக்குது."

சௌந்தரராஜன் நெஞ்சம் நிறைந்துபோய், 'பெற்றோர் பாராட்டு' என்று தலைப்பிட்டு அதைத் தனியே குறித்துக்கொண்டார். தையலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆனந்தக் கண்ணீர் என்று எழுதினார்.

அவருடைய இரண்டாவது கொள்கை, புறமுதுகு காட்டாமை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டினவன் வகுப்பை இழந்தான் என்பது அவர் முப்பது வருஷத்து அனுபவம். ஆகவே வகுப்புக்குள் பக்கவாட்டில் நண்டுபோல நுழைவார்; நாற்காலியில் பிள்ளைகளைப் பார்த்தபடி அமர்வார்; அப்படியே போவார். கரும்பலகையில் எழுதத் திரும்ப வேண்டியிருந்ததால் எழுதுவதை நிறுத்தினார். கணக்குப் பாடம் கொஞ்சம் கஷ்டப்பட்டது. ஆனால் கணக்கா முக்கியம்?

பக்கத்து அறையில் ஆறாம் வகுப்பு எடுத்த கமலவேணி டீச்சருக்கு இந்த நவீன முறை பிடிபடவில்லை. அவர் வகுப்பு சந்தைக்கடை. ஜூலை மாதத்தில் ஒரு நாள் அங்கே ஆரோக்கியம் என்ற பெண், "டீச்சர், கரையான்" என்று கத்தினாள். முப்பது பிள்ளைகளும் கூடவே கத்தின. டீச்சர் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொல்லி சுவரோரம் ஊற்றினார். சௌந்தரராஜன் உடனே மெமோ எழுதினார். 'தங்கள் வகுப்பில் கூச்சல் எழுந்தது. விளக்கம் தேவை.' எதற்காகக் கத்தினார்கள் என்பது மெமோவின் வரம்புக்குள் வராது.

"புள்ளைங்க பாத்தத சொல்லுதுங்க சார். கேள்வி கேக்குதுங்க," என்றார் டீச்சர்.

"கேள்வி கேக்கறது நம்ம வேலைம்மா. அதுக்குத்தான் பரீட்சை வெச்சிருக்குது."

அதே மாதம் தம் வகுப்பிலும் சதி தொடங்கியதை அவர் கண்டுபிடித்தார். பக்கிரி எழுந்து நின்று, "சார், அலமாரி" என்றான். இரண்டு சொல், இருபது. ஆகஸ்டில் ஜெயா என்ற பெண், "சார், பின்னால" என்றாள். சௌந்தரராஜன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பின்னால் பாருங்கள் என்று சொல்லி முதுகைத் திருப்பவைக்கிற தந்திரம் இன்று நேற்றா வந்தது? எத்தனை வாத்தியார்கள் இதில் விழுந்து அழிந்திருக்கிறார்கள். அவர் திரும்பவில்லை. இருபது.

செப்டம்பரில் பக்கிரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "சார், கரை" என்றவன், அவர் கண்ணைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிவிட்டான். இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். இரண்டாவது சொல் முடியவில்லையாதலால் பதினைந்துதான் என்று கஸ்தூரி முதலில் பத்து விரலையும், பிறகு ஒரு கை விரல் ஐந்தையும் காட்டினாள். சௌந்தரராஜன் தீர யோசித்தார். 'கரை' என்பது தன்னளவில் பொருள் தரும் முழுப் பெயர்ச்சொல். ஏரிக்கரை, ஆற்றங்கரை, வேட்டிக்கரை. எனவே இருபது. இலக்கணம் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது பிள்ளைகளின் பாக்கியம்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவர் பிள்ளைகளைக் கண்காணித்தார். பிள்ளைகள் அவர் தலைக்கு மேலாக எதையோ கண்காணித்தார்கள். அவ்வளவு கவனமான வகுப்பை அவர் பார்த்ததே இல்லை.

நவம்பரில், நல்ல மழை விட்ட ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி வந்தார். வருவதற்கு முன்பே கடிதம் வந்திருந்தது: ஆய்வு முடிந்ததும் அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு, பணி உறுதி உத்தரவில் அங்கேயே கையெழுத்திடுவார். சௌந்தரராஜன் சலவை வேட்டி கட்டி வந்திருந்தார். வாசலில் பெயின்டர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டார். முப்பத்தெட்டுப் பேரும் கைகட்டி, வாய்மேல் விரல் வைத்து, சிலைபோல இருந்தார்கள். குண்டூசி விழுந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். இங்கே விழுந்தால் குண்டூசியின் பெயரையே கஸ்தூரி எழுதியிருப்பாள்.

"என்ன சார் இது, ஸ்கூலா கோயிலா?" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு காதைத் தீட்டினார். "ஏதோ மொறுமொறுன்னு கேக்குதே?"

"அமைதி முத்திப்போனா அப்பிடித்தான் சார் கேக்கும். எனக்கு ரெண்டு மாசமா கேக்குது."

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளிடம், இந்த ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"தெரியும் சார். சொல்லமாட்டாங்க," என்றார் சௌந்தரராஜன் பெருமையாக. "அதான் கட்டுப்பாடு."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி, தாளில் 'மிக நன்று' என்று எழுதினார். கஸ்தூரியின் நோட்டைப் பார்த்ததும் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "யார் பேசினாலும் எழுதிடுவியா பாப்பா?"

கஸ்தூரி தலையை அசைத்தாள்.

"யாரா இருந்தாலும் எழுதுவா சார்," என்றார் சௌந்தரராஜன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு."

"பேஷ். இனிமே உங்களப் பொறுப்புன்னு சொல்றது எங்களுக்குத்தான் அசிங்கம். அசல எடுங்க, போட்டுடறேன்."

அந்தக் கணத்தில் சௌந்தரராஜனுக்குக் கண் கலங்கியது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். எட்டு வருஷம் சின்ன விஷயமில்லை. அவர் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தார். இந்த நிமிஷத்துக்காகக் கொள்கையைத் தளர்த்தலாம் என்று முடிவு செய்து, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

அலமாரி முழுக்கச் செம்மண் கோடு. தரையிலிருந்து மேல்தட்டு வரை கிளைவிட்டு, ஒரு கிளை அவர் நாற்காலியின் பின்கால் வரை வந்திருந்தது. சாவியைப் போட்டுத் திருகினார். கதவு திறக்கவில்லை, உதிர்ந்தது. உள்ளே முந்தைய வருஷங்களின் அமைதிப் பதிவேடுகள் இருந்த இடத்தில் ஈர மண் இருந்தது. பிரவே சான்றிதழின் மூலையில் ஒரு விரல் அகலத் துண்டு மட்டும் மிச்சம். அதில் ஒரு முத்திரையின் பாதி தெரிந்தது.

"கரையான்," என்றார் இன்ஸ்பெக்டர். அந்தச் சொல்லை முழுதாகச் சொல்ல அந்த வகுப்பில் அவருக்கு மட்டும்தான் வாய்த்தது.

"நகலுக்கு எழுதிப் போட்டா..." என்றார் சௌந்தரராஜன்.

"யாருக்கு சார் எழுதறது? குடுத்தவங்க கப்பலேறிப் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சி." இன்ஸ்பெக்டர் உத்தரவை மடித்துப் பையில் வைத்தார். மேசையில் இருந்த நடப்பு வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு நிதானமாக வாய்விட்டுப் படித்தார். "ஜூலை பதினாறு, பக்கிரி: 'சார், அலமாரி.' இருபது. ஆகஸ்ட் அஞ்சு, ஜெயா: 'சார், பின்னால.' இருபது. செப்டம்பர் பதினொண்ணு, பக்கிரி: 'சார், கரை.' இருபது. மூணுக்கும் நேரா 'பார்வையிட்டேன்', உங்க கையெழுத்து. எல்லாம் எழுத்துமூலமாத்தான் வந்திருக்கு சார்."

தம் அறிக்கையில் அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. 'இப்பள்ளியில் கட்டுப்பாடு பூரணமாக உள்ளது. கரையான்கூட விதிகளுக்குக் கட்டுப்பட்டு, சத்தமின்றிப் பணியாற்றியுள்ளது' என்று ஒரு வரி மட்டும் சேர்த்துவிட்டு பாகூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் பெயின்டர் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

சௌந்தரராஜன் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். இரண்டு மாதம், முப்பத்தெட்டு ஜோடிக் கண், அத்தனையும் அவர் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த பொருள் இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"ஏன்டா, ஒருத்தனுக்குமா வாய் இல்ல?"

முப்பத்தெட்டுப் பேரும் வாய்மேல் விரல் வைத்தபடி அவரையே பார்த்தார்கள். பக்கிரி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

கஸ்தூரி எழுந்தாள். பென்சிலை எடுத்தாள். பெயர்: சௌந்தரராஜன் சார். பேசிய சொல்: 'ஏன்டா, ஒருத்தனுக்குமா வாய் இல்ல.' நாலு சொல், நாற்பது. நோட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, நான்காவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

சௌந்தரராஜன் பேனாவை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு கட்டமாகப் படிக்கத் தொடங்கினார். வெகுநேரம் படித்தார். கஸ்தூரிக்குப் பாவமாக இருந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்து அந்த வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசாதவள், அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று மெல்லச் சொன்னாள்.

"படிக்க வேணாம் சார். நீங்க எப்பவும் பாக்காமதான் போடுவீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த வரியில் தன் பெயரை எழுதி, ஏழு சொல், எழுபது என்று போட்டுவிட்டு, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழத் தொடங்கினாள்.