ஏழாவது பாட்டில் முனகும் கிழவரைப் பற்றி

பேரன்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கும், அவருடைய சட்டைக்குள்ளேயே குடியிருக்கும் என் மச்சினனுக்கும்,

வணக்கம். இங்கே நானும் உன் அக்காவும் என் காதுகள் இரண்டும் சௌக்கியம். அங்கே தங்கள் பத்திரிகையும், உதவி ஆசிரியர்களும், தங்கள் இடுப்பு வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். அச்சு இயந்திரம் மட்டும் நலமாக இல்லாமல், வெள்ளிக்கிழமை முடியும் வரைக்கும் ஓடாமல் படுத்துக்கிடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பிஸ்கட் ஆலையில் முப்பத்து நாலு வருஷம் இயந்திரங்களைப் பராமரித்தவன் வாயில் வரக்கூடாத வார்த்தை இது. வந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதை 'நீங்கள்' என்றும் மச்சினனிடம் கேட்க வேண்டியதை 'நீ' என்றும் எழுதுகிறேன். அவரவர் பங்கை அவரவர் வாங்கிக்கொள்ளவும்.

முதலில் விஷயம். திங்கட்கிழமை நான் அனுப்பிய இசை விமரிசனத்தை நீங்கள் அச்சிடக் கூடாது. இன்று மத்தியானத்திலிருந்து போனில் நான்கு முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. அதற்கு வருகிறேன்.

உங்கள் பழைய விமரிசகர் வேலையை விட்டுப் போனதும் நீ எங்கள் வீட்டுக்கு வந்து, "அத்தான், சும்மாதானே இருக்கீங்க? புதுசா வர்ற எலக்ட்ரானிக், டான்ஸ், இண்டி பாட்டெல்லாம் கேட்டு மாசம் ஒரு பக்கம் எழுதுங்க. உங்க காது மாதிரி யாருக்கு இருக்கு?" என்று கேட்டாய். இண்டி என்றால் என்ன என்று கேட்டேன். "யாருக்குக் கீழயும் வேலை பார்க்காம, தானே பாட்டுப் போட்டு, தானே வெளியிடறது" என்றாய். அப்படியானால் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நானும் இண்டிதானே என்று நினைத்துச் சரி சொன்னேன். காதைப் பற்றி நீ சொன்னது முகஸ்துதி இல்லை. ஆலையில் எனக்குப் பெயரே 'காது'தான். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடும் இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டேன் என்றால், எந்தப் பேரிங் என்றைக்குப் போகும், எது தாங்கும் என்று தேதி குறித்துக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே கேட்கும் முறை அதுதான். ஆகவே ஒலிபெருக்கியின் மேலும் ஸ்க்ரூ டிரைவரை வைத்தே பாட்டுக் கேட்டேன். உன் அக்கா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

முதல் மாதம் வந்த டான்ஸ் ஆல்பத்தைப் பற்றி நான் எழுதியது நினைவிருக்கும். நிமிஷத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடி. எங்கள் பொட்டலம் கட்டும் இயந்திரமும் இதே வேகம்தான், ஆனால் அது அடிக்கு ஒரு பொட்டலமாவது தரும் என்று எழுதினேன். வாசகர்கள் அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவது மாதம் வந்த பாட்டில்தான் வினை ஆரம்பம். அதில் ஒரு சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, கூடவே தட்டலும் வேகம் பிடிக்கிறது. இப்படி ஏறும் சத்தத்துக்கு ஆலையில் ஒரே அர்த்தம்தான், மோட்டார் கைமீறிப் போகிறது, இன்னும் பத்து விநாடியில் ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து வந்து யார் மண்டையிலாவது உட்காரும். நான் என்ன செய்வேன், முப்பத்து நாலு வருஷப் பழக்கம், பாய்ந்து போய் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். குளியலறையில் தலையெல்லாம் சோப்பு நுரையோடு உன் அக்கா இருட்டில் போட்ட கூச்சல் தனிக்கதை. அந்தக் களேபரத்தில் சுவிட்சை இறக்கியதே மறந்துபோய், "மூன்று நிமிஷம் நாற்பதாவது விநாடியில் இசை சட்டென்று நின்று, பிறகு ஒரு பெண்ணின் அலறல் மட்டும் தூரத்தில் கேட்கிறது, துணிச்சலான முடிவு" என்று எழுதி அனுப்பிவிட்டேன். எங்கள் பிரதியில் அப்படி எதுவும் இல்லையே என்று பதினேழு வாசகர்கள் எழுதினார்கள். அந்தப் பாட்டுக்காரரோ எனக்கு நன்றி சொல்லி, அடுத்த பதிப்பில் நிஜமாகவே பாட்டை அங்கே நிறுத்தி ஓர் அலறலையும் சேர்த்துவிட்டார். இப்போது சொல்லுங்கள், இந்தத் துறையில் யாருக்குப் பைத்தியம்?

அதன் பிறகு கீழ்வீட்டுப் பல் மருத்துவர் படியேறி வந்தார். மூச்சு வாங்க, "சார், நீங்க மேல போடற தாளம் நேரா என் நாற்காலிக்கு இறங்குது. வலிக்குதான்னு நோயாளியக் கேட்டா, மனுஷன் தாளத்துக்குத் தலையாட்டறார். வலிக்குதுன்னு நெனச்சு மரத்துப்போற ஊசி ரெண்டு போட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் அவருக்கு வாயே கூடலை" என்றார். பத்திரிகை வேலை, டாக்டர் என்றேன். அன்றிலிருந்து ஹெட்போன். ஹெட்போனில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க முடியாது என்பது ஒரு குறைதான், என்றாலும் ஒரு மாதிரி சமாளித்தேன்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். நீ ஓர் உறை அனுப்பினாய். உள்ளே ஒரு பென் டிரைவ், ஒரு சீட்டு. சீட்டில் உன் கோழிக்கிறுக்கலில் "புதியவர். முதல் ஆல்பம். எட்டுப் பாட்டு. அத்தான், தயவுதாட்சண்யம் வேண்டாம்" என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. என்னிடம் போய்த் தயவுதாட்சண்யம் வேண்டாம் என்று சொல்வானேன்? நான் எழுதியதை நீங்கள் வைத்திருப்பீர்கள், ஆனாலும் என் வாயாலேயே சொல்லித் தொலைக்கிறேன். முதல் பாட்டில் பெல்ட் தளர்வு என்றேன். இரண்டாவதும் மூன்றாவதும் எண்ணெய் காணாத சங்கிலி என்றேன். நான்காவதை நடுவில் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்த பிறகும் அதே இடத்தில் இருந்தது என்றேன். ஐந்தாவதை மட்டும் பாராட்டினேன்: "அச்சைத் தாங்கப் புது புஷ் போட்டு, அளவாக எண்ணெய் விட்ட ஒரு சுழற்சி. ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு சின்ன 'டிக்'. அது ஏன் என்று தெரியவில்லை, ஆனால் அதில்லாமல் இந்தப் பாட்டு இல்லை. இதைப் பதிவு செய்தவருக்குக் காது இருக்கிறது." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழாவது பாட்டில் ஒரு கிழவர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இழுத்து இழுத்து, "இதெல்லாம்... ஒரு... வேலையா..." என்று முனகுகிறார். விடாமல் நாற்பத்தெட்டு முறை. எண்ணினேன். அதைப் பற்றி நான் எழுதியது: "உலகத்தில் எதையுமே பிடிக்காத இந்தக் கிழவரை வீட்டில் எப்படிச் சகித்துக்கொள்கிறார்களோ தெரியவில்லை. இவரை நீக்கினால் ஆல்பம் பிழைக்கும். பத்துக்கு மூன்று."

இன்று மத்தியானம், நன்றாகத்தான் எழுதியிருக்கிறோம் என்ற நினைப்பில், நகலை உன் அக்காவுக்கு உரக்கப் படித்துக்காட்டினேன். கிழவர் பகுதி வந்ததும் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காதுக்காரரே, அது யாருன்னு நெஜமாவே தெரியலையா?" என்று கேட்டாள். யாராயிருந்தால் எனக்கென்ன என்றேன். "அது நீங்கதாங்க" என்றாள்.

மச்சான், ஓடிப்போய் ஏழாவது பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன், நானேதான்.

அப்புறம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். புதியவர் வேறு யாருமில்லை, என் மகள். எங்கள் ஆலையிலேயே, என் பழைய பிரிவிலேயே, நல்ல பராமரிப்பு வேலையில் இருந்துவிட்டு, போன வருஷம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பாட்டுச் செய்யப் போகிறேன் என்று வேறு ஊருக்குப் போய் அறை எடுத்துத் தங்கினாளே, அவள்தான். நான் அவளுக்குப் போன் போட்டு "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கத்தினேன். ஒரே ஒரு முறைதான் கேட்டேன். அவள் அதைப் பதிவு செய்துவைத்து, வேகத்தைக் குறைத்து, நாற்பத்தெட்டாக்கிவிட்டாள். அன்றிலிருந்து பதினோரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. இது உனக்கும் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும், பென் டிரைவில் என்ன இருந்தது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான். அக்காளும் தம்பியும் சேர்ந்து கூத்தடித்திருக்கிறீர்கள். உன்னை நான் மன்னிப்பதாக இல்லை. ஆசிரியரைப் பற்றிப் பிறகு யோசிக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டபோது நேரம் போகட்டும் என்றா நான் இந்த வேலைக்குச் சரி சொன்னேன்? எங்களை விட்டுவிட்டு அவள் போகும்படி அந்தச் சத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சரி சொன்னேன். அவளைக் கேட்க வாய் வரவில்லை. ஐந்து மாதமாக ஸ்க்ரூ டிரைவரும் ஹெட்போனுமாகத் தேடியது அதைத்தான்.

ஐந்தாவது பாட்டு என்ன என்றும் உன் அக்கா சொன்னாள். அது என் மேஜை மின்விசிறி. ஊருக்குக் கிளம்பும்போது மகள் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு முந்தின வாரம்தான் புது புஷ் போட்டு எண்ணெய் விட்டேன். தலை வலது பக்கம் திரும்பி முடிக்கிற இடத்தில் ஒரு 'டிக்' வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லாடியும் அது போகவில்லை. அந்த டிக்கைத்தான் ஆஹா என்று எழுதியிருக்கிறேன். கோபமாக இருந்த பதினோரு மாதமும் அவள் அந்த விசிறியைப் போட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றுதான் எழுத வேண்டும்.

ஆக, நிலைமை இது. இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மகள் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாளாம், பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக. வழியில் அந்த இதழை வாங்கிப் பிரித்தால், அப்பன் பெயர் போட்டுப் பத்துக்கு மூன்று என்று இருக்கும். வாசல் வரைக்கும் வந்தவள் அப்படியே திரும்பிப் போவாள். என் பிடிவாதம் முழுக்க அவளிடம்தான் போயிருக்கிறது, அதில் ஒரு திருகுகூடக் குறையவில்லை.

எனவே ஆசிரியர் அவர்களே, அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கீழ்க்கண்டதைப் போடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்: "எட்டுப் பாட்டும் அருமை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. ஏழாவது பாட்டில் வரும் பெரியவரின் குரல் வளம் கவனிக்கத்தக்கது. பத்துக்குப் பத்து." மச்சானே, இதை நீ செய்யவில்லையென்றால், என் கல்யாணத்தன்று நீ மேடைக்குப் பின்னால் தனியாக ஆடிய ஆட்டத்தை உன் உதவி ஆசிரியர்களுக்கு நேரில் வந்து, ஆடியே காட்டுவேன். கீழ்வீட்டு டாக்டர் உங்கள் அலுவலகப் பக்கம் போகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு ஓடட்டும், இந்த வாரம் மட்டும் கொஞ்சம் நின்று ஓடட்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் இடுப்பு வலி குணமாகட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் இசை விமரிசகரும் உன் அத்தானுமான
காது

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அழைப்பு மணி அடித்தது. டாக்டர்தான் கடிதம் வாங்க வந்துவிட்டார் என்று கதவைத் திறந்தேன். மகள் நிற்கிறாள், கையில் மின்விசிறியோடு. மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். நீ திங்கட்கிழமையே என் விமரிசனத்தை அவளுக்கு அனுப்பிவிட்டாயாம். இதற்குப் பெயர் என்ன என்று உன்னை நேரில் கேட்கிறேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்பா, நாப்பத்தெட்டு தடவன்னு எண்ணினீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் செஞ்ச எதையும் நீங்க இவ்வளவு முழுசாக் கேட்டதே இல்லப்பா" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் ஒலிபெருக்கியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து முதல் பாட்டை மாறி மாறிக் கேட்டோம். பெல்ட் தளர்வுதான். வேண்டுமென்றே தளர்த்தினேன் என்கிறாள். என் பிரிவில் வேலை பார்த்த அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள், பழைய விமரிசனத்தையே ஓர் எழுத்தும் மாற்றாமல் போடுங்கள். மதிப்பெண்ணை நாலாக்கலாமா என்று கேட்டதற்குக் கூடாது என்றுவிட்டாள். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிட வேண்டுமாம், அவரை நீக்கினால் ஆல்பம் பிழைக்கும் என்ற வரியை. கிழவர் இருக்கட்டுமாம்.