கட்டைவிரல் சொன்ன தீர்ப்பு

தாம்பரத்துக்குத் தெற்கே ஓடிய சின்ன இன்ஜின்கள் அத்தனையும் ஒரே ஒரு கட்டைவிரலுக்குப் பயந்துதான் ஓடின. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், கொசுப் புகை அடிக்கிற மெஷின், தண்ணீர் இறைக்கும் பம்பு, எதுவானாலும் மக்கர் பண்ணினால் அந்த விரலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாக வேண்டும். விரலின் சொந்தக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கட்டைவிரல் அண்ணன்.

பெருங்களத்தூரில் தண்டவாளத்தை ஒட்டி அவருடைய தகரக் கொட்டகை. மீட்டர், கேஜ் என்று ஒன்றும் கிடையாது. பிளக்கைக் கழற்றுவார். அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை நம்மை இழுக்கச் சொல்வார். உள்ளே அழுந்திய காற்று விரலைத் தூக்கி எறிந்தால் இன்ஜினுக்கு ஆயுசு கெட்டி. விரல் வைத்த இடத்திலேயே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கொண்டுவந்த ஆள் அதற்குள் பாதி இளைத்துப் போவான்.

கொட்டகைக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. இன்ஜினை முன்னால் வைத்துக்கொண்டு அதை மாற்றிவிடலாமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் நம் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து வந்துவிடுவார். "இன்னா சார், அத்த எதுர்லயே வச்சிகினு பேசறீங்க? அது மனசு இன்னா பாடுபடும்?" என்பார். லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோட்டோரத்தில் நின்று, ஒரு பழைய ஜெனரேட்டரின் மனம் நோகாமல் கிசுகிசுவென்று பேசிய பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர்.

ஒரு முகூர்த்தத்தில் மண்டபத்துக்குக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. அண்ணனைக் கூட்டி வந்தார்கள். அவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே வால்வு சத்தம் சரியாகக் கேட்கவில்லை, மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி இரண்டு நிமிஷம் காத்திருந்தார். வெளிச்சம் வந்த பிறகுதான் கல்யாணம் நடந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் எங்கள் தெரு பம்பின் தலையெழுத்து போய்ச் சேர்ந்தது.

எங்கள் தெரு பீர்க்கன்கரணையில், ஏரிக்குக் கீழ்ப்புறம். ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கினால் காற்று வரும் என்று விற்றவர் சொன்னார். தண்ணீரும் வரும் என்று சொல்லவில்லை. தெருவிலேயே பள்ளமான வீடு என்னுடையது. முந்தைய வருஷ மழையில் சமையலறை வரைக்கும் சாக்கடைத் தண்ணீர் வந்து நின்றது. அதற்கப்புறம் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. மழைக்காலம் தொடங்கியதும் என் மனைவி குரலை உயர்த்தாமல் ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்னங்க, இந்தத் தடவை தண்ணி உள்ள வந்தா நான் குழந்தையைத் தூக்கிட்டு கூடுவாஞ்சேரிக்கு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் கத்தியிருந்தால் எனக்குக் கவலை இருந்திருக்காது. கத்தாமல் சொன்னதைச் செய்துவிடுகிற ஜாதி அவள்.

தெருவுக்குப் பொதுவாக மண்ணெண்ணெயில் ஓடும் பம்பு ஒன்று இருந்தது. நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ரேடியோவில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சொன்ன அன்றே பம்பைக் கிளப்பிப் பார்த்தேன். கிழவர் மாதிரி புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோயிற்று. மழை வர நாலு நாள் ஆகும் என்றார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கு ஓடி, தெருவிலேயே என் வீடுதான் பள்ளம் என்று அண்ணனிடம் புலம்பினேன்.

விரல் அசையவில்லை. ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி இழுக்கச் சொன்னார். இப்போது விரல் லேசாகத் துள்ளியது. துள்ளியதே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் முகம் இன்னும் தொங்கிப் போயிற்று. ஆயில் விட்டால் பிடிக்கிறது என்றால் உள்ளே சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். மேல்மூடியைக் கழற்றி பிஸ்டன் தலையில் குத்தியிருந்த நம்பரைக் காட்டினார். ஏற்கெனவே மூன்று தடவை உள்சுவரை அறுத்து, பெரிய பிஸ்டனாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதற்கு மேல் பெரிய பிஸ்டன் கிடையாது, அறுக்கச் சுவரும் கிடையாது. என்னை ரோட்டுக்குக் கூட்டி வந்தார்.

"சார், இத்த ரிப்பேர் பண்ணாத. பம்பு நல்லாத்தான் கீது. இன்ஜின மட்டும் மாத்திடு."

இரும்புத் துண்டுக்குக்கூட மனசு இருக்கிறது என்பவர் மாற்றச் சொல்கிறாரே என்று எனக்கே கஷ்டமாக இருந்தது. அன்று மாலை தலைவர் வீட்டு மொட்டைமாடியில் அவசரக் கூட்டம். தலைவர் ரிட்டயரான அதிகாரி, யாரைப் பார்த்தாலும் ஃபைலைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்.

"ரிப்பேர் பண்றவனே ரிப்பேர் வேண்டாங்கறான்னா என்ன அர்த்தம்? புது இன்ஜின் விக்கிறவன்கிட்ட கமிஷன் வாங்கறான்னு அர்த்தம்."

கூட்டம் ஆஹா என்று தலையாட்டியது. அண்ணன் ரிப்பேர் செய்யலாம் என்று சொல்லியிருந்தால், கூலி அடிக்கப் பார்க்கிறான் என்று இதே தலைவர் சொல்லியிருப்பார், நாங்களும் புது இன்ஜின் வாங்கியிருப்போம். ஒருத்தர் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்தால் ஏமாறமாட்டோம் என்பது எங்கள் தெருவின் அரசியல் சாசனம். மறைமலை நகரில் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழைய இன்ஜினையே சரிபண்ணுவது என்று கை தூக்கி ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அதில் என் கையும் இருந்தது.

மறுநாள் பம்பைத் திருப்பி எடுக்கப் போனேன். இன்னும் ஒரு நாள் விட்டுவிட்டுப் போ என்றார் அண்ணன். பார்ட்டைக் கழற்றி வைத்துக்கொள்வாரோ என்று பயந்து முடியாது என்றேன். சரி, ஒரு நிமிஷம் இரு என்று, பம்பையும் இன்ஜினையும் பிரித்து, பம்பு இன்ஜினோடு சேரும் முகத்தின் மேல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை வைத்துச் சுற்றிலும் சுத்தியலால் தட்டினார். பிறகு மறுபடி பூட்டிக் கொடுத்துவிட்டார். கோபத்தில் என்னவோ பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறைமலை நகர் மெக்கானிக் இரண்டே நாளில் கொடுத்துவிட்டார். தேய்ந்த சுவருக்குள் புது ரிங்கைப் போட்டு, மேலே பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். தலைவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுத்த நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் வீட்டு வாசலுக்கு நாலு படி. காலை பத்து மணிக்குத் தண்ணீர் இரண்டாவது படியில். பம்பைக் கிளப்பினோம், ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். இருபது நிமிஷம் கழித்து நீலப் புகை வந்தது, அப்புறம் வெறும் இருமல், அப்புறம் அதுவும் இல்லை. பிளக்கைத் துடைத்துத் துடைத்துப் போட்டோம். தலைவரே கயிற்றை இழுத்தார், கயிறு அறுந்து தண்ணீரில் உட்கார்ந்தார். அன்று அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீர் மூன்றாவது படிக்கு வந்துவிட்டது. என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் பை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஓடவில்லை, ரயில் இல்லை, ஆட்டோ வராது. அவள் போய்விடுவாளோ என்றுதான் நாலு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். போகவே முடியாது என்று தெரிந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது.

அண்ணனைக் கூப்பிடலாம் என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

அப்போது தெருமுனையில் சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று திரும்பியது. தொடையளவு தண்ணீரில் அண்ணன் இழுத்து வர, பின்னால் ஓர் அம்மாள் ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மற்றக் கையால் குடை பிடித்து வந்தார். குடை அவருக்கு இல்லை. வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த சாமானுக்கு. அந்த அம்மாள் அண்ணனின் சம்சாரம். மூடியிருந்தது அந்த அம்மாள் நடத்தும் கரும்பு ஜூஸ் வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜின்.

"மழைல ஜூஸ் யாரு சார் குடிக்கப் போறா? வுடு, பூட்டு," என்றார் அந்த அம்மாள்.

ஜூஸ் இன்ஜின் எங்கள் பம்போடு எப்படிச் சேரும் என்று தலைவர் கேட்டார். அண்ணன் ஓர் இரும்புத் தகட்டை எடுத்தார். நாலு ஓட்டையும் எங்கள் பம்பின் ஓட்டைகளோடு அச்சாகப் பொருந்தின. அன்று கல்யாணப் பத்திரிகையில் தட்டி எடுத்தது அந்த அளவுதான்.

"நீங்க மாத்தமாட்டீங்கன்னு தெரியும் சார். அதான் அளவெடுத்துகினேன்."

முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அன்று பகல் முழுக்க, இரவு முழுக்க, மறுநாள் பகலும் அது ஓடியது. தண்ணீர் நாலாவது படியின் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தது. என் மனைவி பையை உள்ளே எடுத்துக்கொண்டு போய், அந்த அம்மாளுக்குத் தலை துவட்டத் தன் கல்யாணத்துக்கு வந்த துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாக்கடைத் தண்ணீரிலும் சேற்றிலும் ஓயாமல் ஓடி அந்த ஜூஸ் இன்ஜின் கெட்டுப்போயிற்று. வெயில் காலத்துக்கு முன்னால் சங்கம் அவர்களுக்குப் புது இன்ஜின் வாங்கிக் கொடுத்தது. கூட்டம் போடாமல் நாங்கள் எடுத்த ஒரே முடிவு அது. அதை ஜூஸ் வண்டியில் பூட்டுகிற அன்று நானும் போயிருந்தேன். மனதில் கிடந்து உறுத்தியதைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நீங்க கமிஷன் வாங்கறீங்கன்னு சொன்ன கூட்டத்துல நானும் கை தூக்கினேன்."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

போல்ட்டை முறுக்கிக்கொண்டே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வூடுதான சார் பள்ளத்துல கீது."

சொந்தபந்தம், ஆபீஸ், சங்கம் என்று எத்தனையோ பேரோடு பழகியிருக்கிறேன். மழை வந்தபோது என் வீடு பள்ளத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.