எங்கள் தெருவின் முதல் பட்டதாரி

"நிராகரிக்கப்பட்டது. காரணம்: மனுதாரரின் தாய், தந்தை இருவரும் பட்டதாரிகள்."

கலைமதி அதை இரண்டு முறை படித்தாள். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குள் எறியலாம் போலிருந்தது. கம்ப்யூட்டர் கடை முதலாளி சுந்தரமூர்த்தியுடையது என்பதால் எறியவில்லை.

அவளுடைய நைனா தங்கராசு கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்பது அதன் முழுப் பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் நாலு மூட்டை இறக்கிவிடுவார். அம்மா நாகம்மாள் எட்டாவதோடு நின்றவள். மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குப் போகிறாள். இந்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் டிகிரி கொடுத்த புண்ணியவான் யார் என்று கலைமதிக்குத் தெரிந்தாக வேண்டும். இன்றைக்குச் செவ்வாய். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே வேலை போய்விடும்.

மூன்று வருடமாக அவளுக்கு இந்தப் பிரவுசிங் சென்டரில்தான் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஊர்க்காரர்களின் வேலை விண்ணப்பம். அவள் தட்டி அனுப்பிய விண்ணப்பங்களில் இதுவரை பதினொரு பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தர் லட்டு கொண்டுவந்து கொடுத்தார். மற்ற பத்துப் பேர் தங்கள் மச்சானுக்கும் மச்சினிச்சிக்கும் விண்ணப்பம் போட வந்தார்கள்.

அவளுக்கு வேண்டியிருந்தது கல். கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை மண்டகப்பட்டு குகைக்கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்ததாக மகேந்திரவர்மன் அங்கே வெட்டிவைத்திருக்கிறான் என்று பேராசிரியர் சொன்னார். கூட வந்தவர்கள் எல்லாரும் துவாரபாலகரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது, கலைமதி அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றுகூடப் புரியவில்லை. ஆனாலும் பஸ் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறவரை அவளால் நகர முடியவில்லை. அதற்கப்புறம் சீயமங்கலத்துக் குகைக்கோயிலுக்கும் தனியாகப் போய்வந்தாள். வேறு யாரையோ பார்க்கப் போகிறாள் என்று தெரு பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது கல்வெட்டுகளைப் படியெடுக்கும் அறக்கட்டளை ஒன்று இரண்டு பேரைத் தேடுகிறது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்ட வேண்டும், பிரஷ்ஷால் தட்ட வேண்டும், மேலே மை ஒற்ற வேண்டும். மை படாத பள்ளத்தில் எழுத்து வெள்ளையாக எழும்பும். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஆள் பேச ஆரம்பித்துவிடுவான். தகுதி: வரலாற்றுப் பட்டம். முதல் பட்டதாரிகள் மட்டும். கலைமதியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்; சான்றிதழைக் கொடுத்தால் திங்கட்கிழமை சேரலாம்.

மகேந்திரவர்மன் எதுவுமே இல்லாமல் கோயில் எடுத்துவிட்டான். ஒரு சான்றிதழ் இல்லாமல் கலைமதியால் அதன் வாசற்படியைத் தொட முடியாது.

அரசுக் கல்லூரியில் யாரும் கேட்காததால் அந்தச் சான்றிதழை அவள் வாங்கவே இல்லை. அவளிடம் இருந்தது பேனர். பட்டம் வாங்கிய அன்று நைனா காலனி முனையில் கட்டியது. 'எங்கள் தெருவின் முதல் பட்டதாரி செல்வி த. கலைமதி பி.ஏ. (வரலாறு).' கறுப்பு அங்கி, அரைக் கண் மூடிய போட்டோ. அடுத்த மழைக்கு அது ஆட்டுக் கொட்டகையின் கூரையாகிவிட்டது. இன்றைக்கும் நாலு ஆடுகள் அவள் முகத்துக்குக் கீழேதான் அசைபோடுகின்றன.

டிகிரி கொடுத்த புண்ணியவான் எதிர்வீட்டு சாமுண்டீஸ்வரிதான் என்று சாயந்திரமே தெரிந்துவிட்டது.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வளர்மதி நேரிலேயே ஸ்கூட்டியில் வந்திருக்கிறார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஊர் ஆட்களைத் தெரிந்த உதவியாளர் கன்னியப்பன், மகள் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். அனந்தபுரத்திலிருந்து கலைமதியை விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் வரப்போவதாகத் தெருவில் ஒரு பேச்சு இருந்தது. நல்ல காட்டன் சேலையில் ஒரு பெண் வந்து, கலைமதி வீடு இதுதானா, வீட்டில் யார் யார் என்ன படிப்பு என்று கேட்டால், மாப்பிள்ளையின் அக்கா என்று நினைக்காமல் குழாயடியில் நிற்கிறவள் வேறு என்ன நினைப்பாள்?

"உனக்கு நல்லதுதாண்டி செஞ்சேன்," என்றாள் சாமுண்டீஸ்வரி. "உங்கம்மா பி.ஏ., உங்க நைனா பி.காம்.னு சொன்னேன். உங்க நைனாவுக்கு எம்.காம்.னு வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கினேன்."

"உன்னை யாருக்கா கேட்டது?"

"அந்தப் பொம்பளதான் கேட்டுச்சு."

கலைமதி மறுபடி விண்ணப்பம் போட்டாள். வீட்டின் எல்லாச் சான்றிதழுக்கும் பதிவாகியிருந்தது அம்மாவின் நம்பர்தான். ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். கலைமதி கடையிலிருந்து போன் போட்டாள்.

"ம்மா, ஒரு நம்பர் வந்திருக்குமே, சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ம்மா, நான்தாம்மா பேசறேன்."

"யாரு கேட்டாலும் சொல்லாத, நானே கேட்டாலும் சொல்லாதன்னு நீதானடி சொன்ன. உன் குரல்ல திருடன் பேசுவான்னும் சொன்ன."

மூன்று முறை தவறியதில், இருபத்து நாலு மணி நேரம் கழித்து வரச் சொல்லி இணையதளம் கதவைச் சாத்திக்கொண்டது. புதன்கிழமை அதோடு போயிற்று.

அம்மாவுக்கு இந்தச் சான்றிதழே பிடிக்கவில்லை என்று கலைமதிக்குப் பட்டது. இது இல்லாமல் வேறு வேலையே இல்லையா என்று ராத்திரிச் சோற்றின்போது கேட்டாள். அனந்தபுரத்து மாப்பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று கலைமதிக்கு ஆத்திரம் பொங்கியது. அம்மா அவள் படிப்பில் எப்போது அக்கறை காட்டினாள்? கல்லூரியில் முதல் வருடப் பரீட்சை நேரத்தில்கூட, ஞாயிறானால் மகளிர் குழுக் கூட்டம் என்று பையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். பழைய சோற்றைத் தின்றுவிட்டுத்தான் இவள் பரீட்சைக்குப் படித்தாள்.

"நீ நாலெழுத்து படிச்சிருந்தா உனக்குத் தெரியும்மா, எனக்கு இது இன்னான்னு."

நாகம்மாள் எழுந்தாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள். ஒரே தட்டை வெகுநேரம் கழுவினாள்.

வியாழக்கிழமை ஓ.டி.பி. வந்தது. அம்மாவின் போனை இந்த முறை கலைமதி கையோடு கடைக்குக் கொண்டுபோயிருந்தாள். அடுத்த கட்டத்தில் பெற்றோரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்டது. நைனா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், தொல்லையில்லை. அம்மாவின் டி.சி.யைக் கரையான் தின்றுவிட்டதாம். எந்தப் பெட்டியில் என்று கேட்டதற்கு, பெட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டது என்றாள்.

கலைமதி கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'தாயின் கல்வி' என்ற இடத்தில் 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று தட்டினாள். படிக்காதவர்களுக்கு டி.சி. தேவையில்லை. எட்டாவதை அழித்ததில் யாருக்கு என்ன நட்டம்?

தலை நிமிர்ந்தால், சுந்தரமூர்த்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு அவள் லீவு கேட்டிருந்தாள். காரணத்தைச் சாமுண்டீஸ்வரி அவருக்குக் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"அனந்தபுரமாமே. நல்ல ஊரு. திங்கக்கிழமைலருந்து பூங்குழலின்னு ஒரு பொண்ண வரச் சொல்லிட்டேன்மா. நீ நிம்மதியா போ."

"கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"முதல்ல எல்லாப் பொண்ணும் அப்டித்தாம்மா சொல்லும்," என்று சொல்லி, அவளுடைய நாற்காலியை இப்போதே துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவளிடம் இருந்த வேலையும் இல்லை, வரவேண்டிய வேலையும் வரவில்லை.

காலை பதினொரு மணிக்கு அம்மாவையும் சாமுண்டீஸ்வரியையும் இழுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போனாள். சென்னையிலிருந்து கன்னியப்பன் அன்றுதான் திரும்பியிருந்தார். பேரன் பிறந்த மிட்டாயை எல்லாருக்கும் நீட்டினார். நாகம்மாளிடம் நீட்டும்போது, "நல்லா இருக்கியாம்மா?" என்று கொஞ்சம் கூடுதலாக விசாரித்தார். நாகம்மாள் மிட்டாயை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தது.

சாமுண்டீஸ்வரி தன் பாவத்தைக் கழுவத் தயாராக வந்திருந்தாள்.

"அதுக்கு அ, ஆ கூடத் தெரியாதுங்க மேடம். திருவண்ணாமலை பஸ்ஸுன்னு நெனச்சு திண்டிவனம் பஸ்ல ஏறுன ஆளு. போர்டு படிக்கத் தெரிஞ்சா ஏறுமா?"

வளர்மதி பேனாவைக் கீழே வைத்தார். "போன வாரம் பி.ஏ.ன்னு சொன்னீங்களே?"

"அது மாப்ள வூட்டுக்குச் சொன்னதுங்க. கவருமெண்டுக்குப் பொய் சொல்லுவனா?"

வளர்மதி நாகம்மாளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. எதுவரைக்கும் படிச்சீங்க?"

நாகம்மாள் மகளைப் பார்த்தாள். கலைமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டாவது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் டி.சி. எங்கே என்பார்கள். மணி பன்னிரண்டாகிவிடும், பிறகு ஐந்தாகிவிடும். மண்டகப்பட்டுக்கு வேறு யாரோ ஒருத்தி ஈரக் காகிதத்தோடு போய் இறங்குவாள்.

"அவங்க பள்ளிக்கூடத்துக்கே போனதில்ல மேடம்," என்றாள் கலைமதி. "கைநாட்டுதான்."

வளர்மதி மறுபடி நாகம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க," என்றாள் நாகம்மாள். "கைநாட்டுதான்."

கன்னியப்பன் மைப்பெட்டியைத் திறந்தார். நாகம்மாள் கட்டை விரலை ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற மாதிரி நேராகக் குத்தினாள். காகிதத்தில் ஒரு நீலத் திட்டுதான் விழுந்தது. கன்னியப்பன் அவள் விரலைப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாக உருட்டினார். இரண்டாவது முறை நன்றாக விழுந்தது. மை படாத இடங்களில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து எழும்பின. கலைமதி குனிந்து பார்த்தாள். படியெடுத்த கல் மாதிரியே இருந்தது. ஏதோ எழுதியிருக்கிற மாதிரியும் இருந்தது. படிக்கத்தான் முடியவில்லை.

காலனியில் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் விரல் மையைத் தலைமயிரில் துடைத்துக்கொள்வார்கள். அதுதான் வழக்கம், நைனா இன்றும் அப்படித்தான் செய்கிறார். நாகம்மாளுக்கு அது தெரியவில்லை. துடைக்கக் காகிதம் தேடினாள், கிடைக்கவில்லை. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே குழாயடிக்குப் போனாள். கன்னியப்பன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வளர்மதி இப்போதே பரிந்துரை செய்து அனுப்பிவிடுவதாகவும், நாலு மணிக்குள் சான்றிதழ் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். சாமுண்டீஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டு, இந்த நல்ல சேதியைத் தெருவுக்குச் சொல்ல ஓடினாள். கலைமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திங்கட்கிழமை எந்தச் செருப்புப் போட்டுக்கொண்டு பாறையில் ஏறுவது என்றுகூட மனசு யோசிக்கத் தொடங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அம்மா கட்டை விரலைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஏதாவது விட்டுப்போய், சாயந்திரம் மறுபடி நிராகரித்துத் தொலைக்கப்போகிறார்களே என்று பயம் வந்தது. கன்னியப்பனிடம் திரும்பினாள்.

"ஐயா, வேற எதாச்சும் ஃபாரம் எழுதணுமா?"

கன்னியப்பன் மைப்பெட்டியை மூடினார். உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இதையேதாம்மா உங்கம்மாவும் கேட்டுச்சு. உனக்கு பேனர் கட்டுன மறுநாள் இங்க வந்து நின்னுக்கினு, 'திண்டிவனம் போயி படிச்சு போன வருசம் நான் வாங்குன டிகிரிய கேன்சல் பண்ண எந்த ஃபாரம் எழுதணும்'னு."