மனுவேல் வீட்டு மெயில் சர்வர்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லை. கப்பலில் ரேடியோ ஆபிசராக ஆயுளைக் கழித்த மனுவேலுக்கு இது பொறுக்க முடியாத அவமானம். நடுக்கடலில் புயல் அடித்த நேரத்திலும் மாலுமிகளுக்கு வந்த சேதி ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. இப்போது சொந்த வீட்டில், பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி அவரே நடத்தும் மெயில் சர்வரில், மூன்று பேருடைய கடிதங்கள் காணாமற்போயிருந்தன.

மூவரும் அவருடன் ஒரே கப்பலில் இருந்தவர்கள்: சமையல்காரர் பொன்னுதுரை, எஞ்சின் அறையில் வெந்த கிருபை, நங்கூரம் பார்த்த ஜாய்சன். கடலில் இருப்பவனுக்கு அவசரச் சேதி வந்தால் அது இழவுச் சேதிதான். ஆகவே, பிரியும்போது நால்வரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்: போன் சாவுக்கு மட்டும், மற்றதெல்லாம் எழுத்தில். அந்த எழுத்துக்காகவே மனுவேல் சர்வர் அமைத்து, மூவருக்கும் அதில் முகவரி கொடுத்தார்.

என்ன கடிதங்கள் அவை! ஏடன் துறைமுகத்தில் பொன்னுதுரை கருவாடு சுட்டதில், தீப்பிடித்ததென்று அபாயச் சங்கு ஊதப்பட்ட கதை. கிருபை தூக்கத்தில் ஜெபமாலை சொன்ன கதை. மனுவேலின் மனத்தில் இருந்தபடியே, இம்மியும் பிசகாமல் அவர்களும் நினைவு வைத்திருந்தது அவருக்குப் பேரானந்தம்.

"எல்லாரையும் மாதிரி ஓசி மெயில வச்சுக்கிட்டா என்னப்பா?" என்று போனில் கேட்டாள் முத்தையாபுரத்தில் வேலை பார்க்கும் மகள் ஜெர்லின்.

"எங்க காயிதத்த எவன் வீட்டுப் பெட்டியிலயோ போடச் சொல்லுதியா?"

"அப்ப ஸ்பாம் வடிகட்டி முழுங்கிட்டான்னு பாருங்க."

அவர் தம் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழைந்து வடிகட்டியைத் தளர்த்தினார். நண்பர்கள் வரவில்லை, வழுக்கைக்கு மருந்தும் அயல்நாட்டு லாட்டரியும் வெள்ளமாக வந்தன. சினந்து, சர்வருக்குக் காவலைக் கடுமையாக்கினார். அந்தச் சினத்திலேயே பாஸ்வேர்டைத் தப்பும் தவறுமாக அடித்தார். காவல் நிரல் அவரையே கள்வனென்று தீர்மானித்து வெளியே தள்ளிக் கதவடைத்தது.

இனி சர்வருக்கு நேராகத் திரை மாட்டினால்தான் உள்ளே நுழையலாம். லேப்டாப்பை அப்படி மாட்ட முடியாது; வீட்டில் வேறு திரை டிவி ஒன்றுதான். சனிக்கிழமை கண்புரை ஆபரேஷன் முடிந்து, டாக்டர் உத்தரவுப்படி எந்தத் திரையையும் பாராமல் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்திருந்த மனைவி ஹில்டா, அதில் மாதா கோயில் பூசையைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். மனுவேல் வயரைச் சர்வருக்கு மாற்றியதும் சாமியார் பிரசங்கத்தின் பாதியில் மறைந்தார்.

"சாமியாரையும் தொலைச்சிட்டியளா?" என்றாள்.

சர்வர் சரியாயிற்று. ஜெர்லின் அனுப்பிய சோதனை மெயில் நொடியில் வந்தது, பதிலும் நொடியில் போனது. ஆனால் மூவரும் வாய் திறக்கவில்லை. எவனோ அவர்களுடைய பாஸ்வேர்டுகளைத் திருடிவிட்டான் என்ற முடிவுக்கு வந்த மனுவேல், மூன்றையும் மாற்றினார். மாற்றிய பிறகுதான் உறைத்தது: புதிய பாஸ்வேர்டை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? மெயிலில் சொன்னால் அவர்களால் திறக்க முடியாது. தபாலில் போட்டால் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும்; அத்தனை நாள் அவரால் பொறுக்க முடியாது. போனில் கூப்பிட்டால், மணி அடித்ததுமே பொன்னுதுரையின் நெஞ்சு நின்றுவிடும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒருவேளை மூவருமே... அதற்கு மேல் நினைக்க அவருக்குத் துணிவில்லை. மூன்றாம் நாள் காலை, பெரிதாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். பொன்னுதுரையின் எண்ணைத் தேடி எடுத்தார்.

டாக்டரிடம் போய்த் திரும்பிய ஹில்டா, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போகாமல் நேரே வந்து அவர் கையிலிருந்த போனை வாங்கி வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கண்ணு தெளிஞ்சிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மூணு பாஸ்வேர்டையும் எங்கிட்டச் சொல்லுங்க. ரெண்டு வருசமா எழுதுத மாதிரியே, மூணு பேருக்கும் சேத்து நானே இன்னைக்கு எழுதிருதேன்."